வீட்டில் பாட்டு கேட்க நல்ல ஹெட்போன்: அறையிலிருந்து கடை வரை ஒரு முழு வழிகாட்டி

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் அக்கா மகள் தொலைபேசியில் கேட்டாள். "மாமா, 600 வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன். வீட்டுல உக்காந்து பாட்டு கேக்க நல்ல ஹெட்போன் ஒண்ணு வேணும். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க." இங்கே சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் படிக்கிற பெண். வார இறுதி வேலையில் சேர்த்த பணம் அது. ஒரு பெயரைச் சொல்லி அப்போதே முடித்திருக்கலாம். அதற்குப் பதில் நான் மூன்று கேள்வி கேட்டேன். எந்த அறையில் கேட்கப் போகிறாய், பக்கத்தில் யார் இருப்பார்கள், என்ன பாட்டு கேட்பாய்?

இருபது வருடமாக ஹெட்போனில் பாட்டு கேட்கிறேன். நல்லதும் வாங்கியிருக்கிறேன், பணத்தை வீணாகவும் செலவழித்திருக்கிறேன். வீணான ஒவ்வொரு முறையும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் கடைக்குப் போனதுதான் காரணம். அவளும் நானும் அடுத்த மூன்று வாரம் என்னென்ன செய்தோமோ, அதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: அறை

ஹெட்போனுக்குள் அதிரும் மெல்லிய சவ்வு உங்கள் காதுப் பக்கம் எவ்வளவு ஒலி தருகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு ஒலியைப் பின்பக்கமும் தள்ளுகிறது. அந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதில்தான் ஹெட்போன்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. திறந்த வகையில் வெளிப்புறம் வலைக்கம்பி. ஒலி வெளியே போய்விடும். மூடிய வகையில் கிண்ணம் போல அடைத்திருக்கும். ஒலி உள்ளேயே மோதி, பஞ்சில் கொஞ்சம் அடங்கி, மீதி திரும்பிச் சவ்வின் மீதே வந்து விழும். அதனால் மூடிய ஹெட்போனைச் சரியாகச் செய்வது கடினம். அதே விலையில் திறந்ததுதான் பெரும்பாலும் இயல்பாகக் கேட்கும். பாட்டு தலைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்காது, காதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருப்பது போலத் தோன்றும்.

ஆனால் திறந்த ஹெட்போன் இரண்டு பக்கமும் திறந்த சன்னல். நீங்கள் கேட்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். மேசையில் வைத்த சின்ன ரேடியோவைக் குறைத்து வைத்தது போல இருக்கும். அறையின் சத்தமும் அப்படியே உள்ளே வரும். வீவக அடுக்குமாடி வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அக்கா வீடு ஈசூனில், எம்ஆர்டி பாதை மேம்பாலத்தில் ஓடும் பக்கம். சன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் புழுக்கம், ஃபேன் போட்டால் அதன் இரைச்சல். போதாததற்கு ஓ நிலைத் தேர்வுக்குப் படிக்கிற தம்பி அதே அறையில்.

ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் பாட்டு கேட்கும் நேரத்தில், கேட்கும் அதே இடத்தில், ஃபேனோ ஏர்கானோ ஓடும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி இருந்தால் அளந்தும் பாருங்கள். 35 முதல் 40 டெசிபல் என்றால் திறந்த ஹெட்போனுக்கு அருமையான அறை. 50-ஐத் தாண்டினால் தம்புராவும் கடத்தின் மெல்லிய விரலடியும் ஃபேன் சத்தத்தில் கரைந்துவிடும். ஒலியைக் கூட்டித்தான் கேட்க வேண்டிவரும், அது காதுக்குக் கேடு. கைப்பேசி அளவு துல்லியமாக இருக்காது, ஒரு மதிப்பீட்டுக்குப் போதும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று, வியர்வை. மூடிய ஹெட்போனும் தோல் போன்ற மெத்தையும் சேர்ந்தால் ஏர்கான் இல்லாத அறையில் இருபது நிமிடத்தில் காது நனைந்துவிடும். துணி அல்லது வெல்வெட் மெத்தை என்றால் தாங்கலாம்.

இரைச்சல் நீக்கும் புளூடூத் ஹெட்போன் வாங்கினால் என்ன என்று அவளும் கேட்டாள். ரயிலில் போகவும் வீட்டில் கேட்கவும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள், தவறில்லை. ஆனால் வீட்டுக்கு மட்டும் என்றால் கம்பி வைத்ததே என் தேர்வு. புளூடூத் ஹெட்போனில் நீங்கள் கொடுக்கும் பணம் மின்கலம், ஒலிவாங்கி, கணிப்புச் சில்லு என்று பிரிந்துபோகிறது. மின்கலம் சில வருடங்களில் தளர்ந்துவிடும். கம்பி ஹெட்போனைப் பராமரித்தால் இருபது வருடம் உழைக்கும்.

இரண்டாம் படி: பாட்டுப் பட்டியல்

கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் கேட்கும். உங்களுக்கு மனப்பாடமான ஆறேழு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடி எங்கே விழும், பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். எது காணாமல் போனாலும் அப்போதுதான் தெரியும். நான் எப்போதும் எடுத்துப்போவது இப்படிப்பட்டவை.

ஒரு கச்சேரிப் பதிவு, அதில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் இருக்க வேண்டும். மிருதங்கம் போல ஹெட்போனைக் காட்டிக்கொடுக்கும் வாத்தியம் வேறில்லை. இடது பக்கத் தொப்பியில் ரவை பூசி வாசிக்கும்போது வரும் கும்காரம் கீழ் ஒலிக்கான (பேஸ்) சோதனை. நல்ல ஹெட்போனில் அந்தத் தொனி வளைந்து மேலே ஏறுவது தனியாகக் கேட்கும். சுமாரானதில் 'தும்' என்று ஒரே குமுறலாக முடிந்துவிடும். வலது பக்கமான வலந்தலையின் சாப்பு, மேல் ஒலிக்கான (ட்ரெபிள்) சோதனை. தோலில் விரல் பட்டுத் தெறிக்கும் அந்த முனை தெளிவாக இருக்க வேண்டும், ஆனால் காதில் குத்தக் கூடாது. பின்னால் தம்புராவின் ரீங்காரம் பாட்டு முழுக்கத் தொடர்கிறதா என்றும் பாருங்கள். பாடகர் குரலெடுக்கும்போது தம்புரா மறைந்து, நிறுத்தும்போது திரும்ப வந்தால் அந்த ஹெட்போன் நுணுக்கத்தை விழுங்குகிறது.

நாகசுரம் ஒன்று. வாயில் வைத்து ஊதும் சீவாளியிலிருந்து வரும் அந்தக் கூர்மை, காது மிகவும் நுட்பமாகக் கேட்கும் இடத்தில் வந்து விழும். கொஞ்சம் மிகைப்படுத்துகிற ஹெட்போன் என்றால் இரண்டு நிமிடத்தில் கழற்றத் தோன்றும். அதில் பத்து நிமிடம் நாகசுரம் கேட்க முடிந்தால் வேறெதையும் கேட்கலாம்.

எண்பதுகளின் திரைப்பாட்டு ஒன்று, வயலின் கூட்டமும் பேஸ் கிட்டாரும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போல அமைந்தது. வயலின்களைக் கேட்டுக்கொண்டே பேஸ் கிட்டாரை மனதுக்குள் தனியாகப் பாட முடிகிறதா? முடிந்தால் நல்லது. இந்தக் காலக் குத்துப்பாட்டு ஒன்றும் வேண்டும். அந்த ஆழ்ந்த அடி, சவ்வின் வலிமையைச் சொல்லும். பெண் குரலில் மெதுவான பாட்டு ஒன்று, 'ஸ' நிறைய வருவது. ஒவ்வொரு 'ஸ'வும் சீறினால் அந்த ஹெட்போனில் மேல் ஒலி அளவுக்கு மீறி இருக்கிறது.

கடைசியாக, ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய பாட்டு. தரம் குறைந்த பதிவை எதற்குச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஒற்றைத் தடப் பதிவில் இரண்டு காதுக்கும் போவது ஒரே ஒலி. ஆகவே குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்திருந்தால், ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். குரலும் பக்கம் மாறினால் குறை ஹெட்போனிலோ பதிவிலோ கருவியிலோ இருக்கிறது; அதே பாட்டு வேறு ஹெட்போனில் நடுவில் நின்றால் குறை இந்த ஹெட்போனில்தான். மாறாமல் அதே பக்கம் நின்றால் உங்கள் காதில் இருக்கிறது. பல நூறு வெள்ளி ஹெட்போனில்கூட இப்படி ஒரு பக்கம் தளர்ந்ததை இந்தச் சோதனையில்தான் கண்டுபிடித்தேன்.

பாட்டுக்கோப்பு தரமாக இருக்கட்டும். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் தரம் குறைக்காத ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. பழைய குறுந்தட்டு வீட்டில் இருந்தால் அதுவே போதும். அதன் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்கு மேல் இந்தச் சோதனைக்குத் தேவையில்லை.

மூன்றாம் படி: பெட்டியில் இருக்கும் எண்கள்

'5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள் (ஹெர்ட்ஸ் எண் சிறிதென்றால் கீழ் ஒலி, பெரிதென்றால் மேல் ஒலி). எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயனில்லை. மனிதக் காதின் எல்லையே சுமார் 20 முதல் 20,000 வரைதான், வயதாக ஆக மேல் எல்லை இறங்கும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று மின்தடை, ஓம் கணக்கில். இன்னொன்று உணர்திறன். இந்த இரண்டாவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று எழுதும், சில ஒரு வோல்ட்டுக்கு எத்தனை என்று எழுதும். இரண்டும் வேறு. மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக்க, 32 ஓம் என்றால் 15 கூட்டுங்கள். 80 ஓம் என்றால் 11, 250 என்றால் 6, 300 என்றால் 5. இரண்டு பெட்டியிலும் மில்லிவாட்டுக்கு 96 என்றே இருக்கட்டும். 32 ஓம் ஹெட்போன் ஒரு வோல்ட்டில் 111 டெசிபல் கொடுக்கும், 250 ஓம் ஹெட்போன் 102 கொடுக்கும். ஒரே எண் போட்ட இரண்டுக்கும் 9 டெசிபல் வித்தியாசம்.

இதைத் தெரிந்துகொண்டால் ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்பதற்கு நீங்களே பதில் சொல்லலாம். கைப்பேசியில் செருகும் சின்ன யுஎஸ்பி-சி இணைப்பிகளில் பல சுமார் ஒரு வோல்ட் தரும். வீட்டில் நிதானமாகக் கேட்கும்போது சராசரி 75 டெசிபல், உச்சத்துக்கு அதற்கு மேல் ஒரு 20 வேண்டும் என்று வையுங்கள். ஆக 95. பெயர்டைனமிக் டிடி 990 புரோ ஹெட்போன் 250 ஓம் என்றதும் பயப்படுகிறார்கள், ஆனால் மேலே போட்ட கணக்குப்படி ஒரு வோல்ட்டில் 102 வரும், சின்ன இணைப்பியே சமாளிக்கும். சென்ஹைசர் எச்டி 600-க்கு ஒரு வோல்ட்டில் 97 டெசிபல். திரைப்பாட்டுக்குச் சரி, ஆனால் மெல்லிய ஒலியில் பதிவான கச்சேரிக்கு இழுபறிதான். அதற்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைப்பது நல்லது.

பழைய ஸ்டீரியோ ரிசீவர் வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் பலவற்றின் ஹெட்போன் துளைக்கு உள்ளேயே 100 ஓமுக்கு மேல் தடை இருக்கும். ஹெட்போனின் தடை அதைவிட எட்டு மடங்காவது இருந்தால்தான் ஒலியின் இயல்பு கெடாது. இல்லாவிட்டால் சில ஹெட்போன்களில் கீழ் ஒலி பொம்மிக்கொண்டு வரும். மிருதங்கம் தவில் மாதிரி கேட்கும்.

கணினியில் ஒலி வரவைக்கும் ஒலி அட்டை என்றால் நம் ஊருக்கே ஒரு பெருமை உண்டு. 1981-இல் இங்கே சிம் வொங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர், 1989-இல் வெளிவந்து கணினிக்குக் குரல் கொடுத்தது. இன்றும் அவர்கள் சின்ன யுஎஸ்பி ஒலிக்கருவிகள் செய்கிறார்கள். முதல் ஆம்ப்ளிஃபயருக்குப் பெரிய தொகை வேண்டாம். 600 வெள்ளி இருந்தால் 500-ஐ ஹெட்போனுக்கும் மீதியைக் கருவிக்கும் வையுங்கள்.

நான்காம் படி: வரைபடங்கள்

இணையத்தில் எல்லா ஹெட்போனுக்கும் ஒலி அளவு வரைபடம் கிடைக்கிறது. செயற்கைக் காதில் மாட்டி அளப்பார்கள். அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நம் காது மடலும் துளையும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தாமே உயர்த்தும். ஹெட்போனும் அங்கே உயர்ந்தால்தான் இயல்பாகக் கேட்கும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி இருவரும் பலரைக் கேட்கவைத்து ஆராய்ந்து, பெரும்பாலானோருக்குப் பிடிக்கும் ஒரு வளைவைக் கண்டார்கள். ஹார்மன் வளைவு என்பது அதுதான். கீழ் ஒலி கொஞ்சம் தூக்கல், 3,000 அருகே மேடு, அதன் பிறகு மெல்ல இறக்கம்.

இதை வடிகட்டப் பயன்படுத்துங்கள், தேர்ந்தெடுக்க வேண்டாம். 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை கூரிய மலை இருந்தால், 'ஸ'வும் ஜால்ராவும் காதில் குத்த வாய்ப்பு அதிகம். 50-க்குக் கீழே சரிந்து விழுந்தால் ஆழ்ந்த அடி குறையும். அவ்வளவுதான். வெவ்வேறு கருவியில் அளந்த இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஐந்தாம் படி: நான்கு பெயர்

இருபது ஹெட்போனைப் பட்டியலிட்டால் எதையும் வாங்க மாட்டீர்கள். நான்கு போதும். நான் நேரில் பழகியவற்றிலிருந்து சொல்கிறேன்.

எச்டி 600, திறந்தது. 1997-இல் வந்தது, இன்றும் விற்கிறார்கள். மனிதக் குரலுக்கு இந்த விலையில் இதற்கு இணையாக நான் கேட்டதில்லை. பாடகர் எதிரே பாயில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆழ்ந்த அடி குறைவு; குத்துப்பாட்டுக்காரர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். புதிதாக வாங்கினால் முதல் மாதம் தலையை இறுக்கும். இதன் மெத்தை, கம்பி, தலைப்பட்டை எல்லாவற்றையும் கருவியே இல்லாமல் கழற்றி மாற்றலாம். இதன் தம்பி எச்டி 650, 2003-இல் வந்தது. கொஞ்சம் கதகதப்பு, மேல் ஒலி இன்னும் மென்மை. விலை குறைவாக வேண்டுமென்றால் எச்டி 560எஸ், கீழ் ஒலி இன்னும் ஆழம் போகும், ஆனால் குரலில் அந்த உருக்கம் இல்லை.

டிடி 990 புரோ, திறந்தது. வசதி என்றால் இதுதான், மெத்தை அவ்வளவு மிருது. ஆனால் மேல் ஒலி தூக்கல். நாகசுரம் கேட்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அதன் மூடிய உறவுக்காரர் டிடி 770 புரோ. அதில் 80 ஓம் வகை வெல்வெட் மெத்தையோடு வரும், நம் வெப்பத்துக்கு ஏற்றது.

ஏகேஜி கே371, மூடியது, ஹார்மன் வளைவை ஒட்டிச் செய்தது. கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க: மூடிய ஹெட்போனில் கண்ணாடிக் கம்பி மெத்தையை லேசாகத் தூக்கினாலே காற்று கசிந்து கீழ் ஒலி போய்விடும்.

ஹைஃபைமேன் சுந்தரா, திறந்தது. இது வேறு தொழில்நுட்பம். வழக்கமான ஹெட்போனில் சவ்வின் நடுவில் ஒட்டிய கம்பிச்சுருள் அதைத் தள்ளும். இதில் சவ்வு முழுவதிலும் மின்தடம் ஓடும், காந்த வரிசை மொத்தமாக அசைக்கும். கீழ் ஒலி தட்டையாக அடிவரை போகும், தவிலும் பேஸ் கிட்டாரும் ஒன்றோடொன்று ஒட்டாது. இந்த வகையில் காந்தத்தின் எடை ஒரு தொல்லை. சுந்தரா 370 கிராம் அளவில் இருக்கிறது, எச்டி 600 சுமார் 260. பெரிய வகைகள் 600 கிராமைத் தாண்டும். ஒரு மணி நேரத்தில் கழுத்து சொல்லும்.

ஆறாம் படி: கடையில் ஒப்பிடுவது

சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபி, ரோச்சோர் பக்கம் சிம் லிம் ஸ்குவேர். இரண்டிலும் ஹெட்போனை மாட்டிக் கேட்டுப் பார்க்க விடும் கடைகள் உண்டு. வார நாளில் மதியம் போங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் திறந்த ஹெட்போனைச் சோதிப்பது வீண். முந்தின நாளே கூப்பிட்டு, இந்த நான்கையும் கேட்க வேண்டும், இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ரயிலில் காதில் எதையும் மாட்டாமல் போங்கள், காது களைத்துப்போய் வரக் கூடாது.

இங்கே ஒரு அனுபவம். பல வருடம் முன்பு ஒரு கடையில் இரண்டு ஹெட்போனை மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டாவதில் எல்லாமே பளிச்சென்று இருந்தது. அரை மணி நேரத்தில் பணத்தைக் கட்டி எடுத்து வந்தேன். வீட்டில் ஒரு வாரம் கேட்டதும் தலைவலி வந்தது. அப்புறம்தான் புரிந்தது: அதன் உணர்திறன் அதிகம், அதே ஒலிக்குமிழ் அளவில் அது சத்தமாகப் பாடியிருக்கிறது. சத்தம் சற்றே கூடினாலும் நம் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'நல்லா இருக்கு' என்று சொல்லும். ஒரு டெசிபல் வித்தியாசமே இதற்குப் போதும். ஒப்பிடுவதில் உள்ள எல்லா ஏமாற்றமும் இங்கேதான் தொடங்குகிறது.

எனவே முதல் வேலை ஒலி அளவைச் சமன் செய்வது. சீரான இரைச்சல் கோப்பு ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிங்க் நாய்ஸ் என்று தேடினால் வரும். கெட்டி அட்டையில் கைப்பேசியின் ஒலிவாங்கி அளவுக்கு ஒரு துளை போட்டு, ஹெட்போனின் ஒரு காதை அட்டையில் படிய வைத்து, துளையில் இன்னொரு கைப்பேசியின் ஒலிவாங்கியை வைத்து அளங்கள். ஒவ்வொரு ஹெட்போனுக்கும் அதே எண் வர ஒலிக்குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வேடிக்கை பார்ப்பார், பரவாயில்லை. அட்டை இல்லையென்றால் பாடகரின் குரலை மட்டும் கவனித்து, அது இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். துல்லியம் குறைவு, ஆனால் ஒன்றும் செய்யாததற்கு எவ்வளவோ மேல்.

பிறகு இரண்டு விதமாகக் கேளுங்கள். முதலில் ஒரே பாட்டின் ஒரே முப்பது வினாடியை முதல் ஹெட்போனில், உடனே இரண்டாவதில், மறுபடி முதலில். வித்தியாசம் எங்கே என்று இதில் தெரியும். அடுத்து ஒரே ஹெட்போனில் முழுப்பாட்டு மூன்று, இடையில் கழற்றாமல். இப்போது காது பழகிவிடும். பழகிய பின்னும் எது உறுத்துகிறதோ அதுதான் வீட்டிலும் உறுத்தும். ஒரே நாளில் நான்குக்கு மேல் கேட்காதீர்கள், நடுவில் வெளியே போய்த் தே ஓ குடித்துவிட்டு வாருங்கள்.

கேட்கும்போதே எழுதுங்கள், உங்கள் சொல்லில். என் குறிப்பேட்டில் 'மூக்கால் பாடுகிறார்', 'போர்வைக்குள்ளிருந்து', 'ஜால்ரா கண்ணாடித் துண்டு', 'தொப்பி கொழகொழ' என்றெல்லாம் இருக்கும். மூன்று வாரம் கழித்துப் படித்தாலும் அந்த ஒலி நினைவுக்கு வரும்.

அக்கா மகள் அன்று தனி ஆவர்த்தனத்தை மட்டும் நாலைந்து தடவை ஓட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரல்கள் மட்டும் மேசையில் லேசாக அசைந்தன. பிறகு டிடி 770-ஐக் கழற்றி வைத்துவிட்டு, சுந்தராவை மாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, அதுல மிருதங்கம் கேக்குது. இதுல அவர் கையே கேக்குது" என்றாள். அந்த ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். ஆனால் அன்று எதுவும் வாங்கவில்லை. தம்பியின் தேர்வு முடிய இன்னும் பல நாள் இருந்தது.

அணிந்து பார்ப்பதையும் சேர்த்தே செய்யுங்கள். கண்ணாடியோடு, நீங்கள் வழக்கமாகப் போடும் கொண்டையோடு அல்லது பின்னலோடு, குறைந்தது அரை மணி நேரம். காது மடல் முழுவதும் மெத்தைக்குள் அடங்க வேண்டும், உள்ளே துணியில் உரசக் கூடாது. தாடை எலும்புக்கு மேல் அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்தால் அந்த ஹெட்போனை விட்டுவிடுங்கள். எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அலமாரியில்தான் கிடக்கும்.

ஏழாம் படி: வாங்குவது

இங்குள்ள முகவர் வழியாக வரும் பொருளா, உத்தரவாதம் யார் தருகிறார்கள், எத்தனை வருடம், பழுது பார்க்க எங்கே கொண்டுபோக வேண்டும். இதைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு இணையக் கடையில் விலை குறைவாகத் தெரிந்தால், 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்துப் பாருங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் அந்த வரி உண்டு. ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா, மூன்று முள் செருகி உண்டா என்றும் பாருங்கள்.

கடையில் வாங்கிய பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன்' சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் சங்கம், அதற்கு மேல் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

கேரோசல் இணையச் சந்தையில் தனியாள் விற்கும் பொருளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதற்காகப் பழையதை ஒதுக்க வேண்டாம். எச்டி 600 போன்றவற்றைப் பாதுகாப்பாக வாங்கலாம். நேரில் சந்தித்து, சொந்தக் கைப்பேசியில் கேட்டு வாங்குங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் ஒலிக்கோப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். எங்காவது 'கர்ர்' என்று அதிர்ந்தால் உள்ளே முடி விழுந்திருக்கும் அல்லது சவ்வு கெட்டிருக்கும். பழைய ஒற்றைத் தடப் பாட்டைப் போட்டு நடுவில் நிற்கிறதா பாருங்கள். கம்பியைச் செருகியின் அருகே மெதுவாக அசைத்து, ஒலி விட்டுவிட்டு வருகிறதா பாருங்கள். தேய்ந்த மெத்தைக்குப் பேரம் பேசலாம், புதிது மாட்டிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: வீட்டில் முதல் இரண்டு வாரம்

ஒலி அளவைப் பழக்கப்படுத்துவது முக்கியம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. பிள்ளைகளுக்கு எல்லை 75. நல்ல ஹெட்போனில் இரைச்சலோ சிதைவோ இல்லாததால் சத்தம் ஏறியது தெரியாது. அதனால் பாட்டு தொடங்கும்போதே அளவை வைத்துவிட்டு, நடுவில் கூட்டாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்தும் ஏதோ ஒன்று உறுத்தினால், வேறு ஹெட்போன் தேடுமுன், கீழ் ஒலி மேல் ஒலியைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் சமன்படுத்தியை முயலுங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். 'ஸ' சீறினால் 6,000 முதல் 8,000 அருகே 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். தொப்பி மெலிந்திருந்தால் 100-க்குக் கீழே 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள். கூட்டும்போது மொத்த ஒலியையும் அதே அளவு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சத்தில் கரகரக்கும்.

அக்கா மகள் தேர்வெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து சுந்தராவையே வாங்கினாள். அறை என்ன ஆயிற்று என்றால், தம்பி கூடத்துக்கு இடம் மாறிக்கொண்டான், இரவு பத்து முதல் பதினொன்று வரை அறை அவளுக்கு. ஃபேனை இரண்டாம் வேகத்தில் வைத்துக்கொள்கிறாள்.

கடைசியாக, ஈரம். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். தோல் போன்ற மெத்தை இந்த ஈரத்தில் இரண்டு மூன்று வருடத்தில் உரிந்து, கறுப்புத் துகள் காதில் ஒட்டும். கேட்டு முடித்ததும் மெத்தையை உலர்ந்த துணியால் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட வைத்துவிட்டு உள்ளே வையுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் 45 முதல் 50 விழுக்காட்டில் அதிலேயே வைக்கலாம். இல்லையென்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். மெத்தை அமுங்கினால் காதுக்கும் சவ்வுக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியே மாறிவிடும். அதனால் புது மெத்தை மாட்டிய தேதியைச் சின்னத் தாளில் எழுதி டப்பா மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். அவளுடைய டப்பாவில் முதல் தேதியை நான்தான் எழுதி ஒட்டினேன்.